குணங்குடியாரைப் பார்க்கப் போனோம்

"வியாழக்கிழமை சாயங்காலம் ராயபுரம் தர்காவுக்குத் துணைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார் எதிர்வீட்டு அம்மா. கீழக்கரையில் பிறந்தவர். நந்தனத்துக்கு வாழ வந்து நாற்பது வருஷமாகிறது. பேரனுக்குக் காய்ச்சல் கண்டபோது நேர்ந்துகொண்டாராம். டாக்டர் மருந்தில் குழந்தைக்குக் குணமாகிவிட்டது. மகனுக்குத்தான் கோபம். "அல்லாஹ்கிட்ட கேளுங்க உம்மா, கப்றுகிட்ட கேக்காதீங்க" என்றவர், இரண்டு நாளாய் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

2021 முதல் நமக்குச் சௌகரியம். நந்தனத்தில் மெட்ரோ ரயில் ஏறினால் ஒரே வண்டியில் தண்டையார்பேட்டை. அங்கிருந்து ஆட்டோவில் ராயபுரம்.

வழி நெடுகக் கதைதான். குணங்குடி மஸ்தான் சாகிபின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். இராமநாதபுரம் சீமையில், தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்தவர். கீழக்கரையில் மார்க்கக் கல்வி கற்றவர், கல்யாணப் பேச்சு வந்ததும் துறவு பூண்டு கிளம்பிவிட்டார். ஊர் ஊராய்த் திரிந்து சென்னைக்கு வந்து, 1838-ல் இங்கேயே அடங்கினார். தொண்டியார் இருந்த இடம்தான் தண்டையார்பேட்டை ஆயிற்று என்பார்கள். இறைவனை 'மனோன்மணி' என்று பெண்ணாக்கிப் பாடியவர் இவர். இவர்மேல் நான்மணிமாலை பாடியவர் சரவணப்பெருமாளையர்!

"இவ்வளவு பெரியவரிடம் போவதில் என்ன தப்பு?" என்றேன்.

"மகன் சொல்றதும் நியாயம்தாம்மா. வணக்கம் அல்லாஹ் ஒருத்தனுக்குத்தான். அதிலே பங்கு வைக்கக் கூடாது. தேங்காய்க்கு ஓடு மாதிரி ஷரீஅத்து. உள்ளே பருப்பு மாதிரி மெய்ஞ்ஞானம். ஓடு இல்லாம பருப்பு ஏது?"

நினைத்துப் பார்த்தேன். 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி பெரிய சட்ட மேதை. அவரே சூஃபி வழியிலும் நடந்தவர். நம் ஊர் முஸ்லிம்கள் முகியித்தீன் ஆண்டவர் என்று போற்றும் பக்தாத் மகானும் மார்க்கச் சட்டம் போதித்தவர்தான். கப்றுக்குப் போய் ஸலாம் சொல்லி, மரணத்தை நினைத்து வருவதைக் கண்டிப்பானவர்களும் ஏற்கிறார்கள். அடங்கியவரிடமே வரம் கேட்கலாமா என்பதில்தான் தகராறு. பெண்கள் போகலாமா என்பதிலும் ஆலிம்களிடையே இரண்டு கருத்து உண்டு.

தர்காவில் ஊதுபத்தி மணம். அந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, ஸலாம் சொல்லி, பாத்திஹா ஓதினார். நான் ஓரமாய்க் கைகட்டி நின்றேன். வெளியே வந்து அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சர்க்கரை கொடுத்தார். அவ்வளவுதான் நேர்ச்சை.

வீடு திரும்ப எட்டு மணி. வாசலிலேயே மகன். "என்ன கேட்டீங்க உம்மா?"

"அவர்கிட்ட ஒண்ணும் கேக்கலே, வாப்பா. அவருக்காக அல்லாஹ்கிட்ட கேட்டேன். உன் புள்ளைக்காகவும் அவன்கிட்டதான் கேட்டேன்."

மீதிச் சர்க்கரையை நீட்டினார். மகன் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால், "நேரமாச்சே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுத் தாயின் கைப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

எனக்கு அது போதுமாயிருந்தது.