தொலைவும் கோணமும்

வடக்கனந்தல் வயலில் ஒரு பெண் நாற்று நடுகிறார். பின்னணியில் கல்வராயன் மலை. தூரக்காட்சியில் மலை திரையை நிறைக்க, அவர் சிறு புள்ளியாகத் தெரிவார். கேமரா நெருங்கிச் சேறு படிந்த விரல்களை அண்மைக்காட்சியாகக் காட்டினால், உழைப்பு மட்டுமே கண்ணில் நிற்கும். அவர் நிமிரும்போது தாழ்கோணத்தில் நோக்கினால், மலையினும் உயர்ந்து நிற்பார். வயலும் மலையும் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

மாரி செல்வராஜ் இயக்கிய ‘பரியேறும் பெருமாள்’ (2018) இரண்டு தேநீர்க் குவளைகளின் அண்மைக்காட்சியில் முடிகிறது. இடையே ஒரு மல்லிகைப்பூ. சாதி பிரித்துவைத்த இருவரின் குவளைகள் அவை. நீண்ட உரையாடலுக்கும் எட்டாத சமத்துவக் கேள்வியை அக்காட்சி சொல்லின்றி எழுப்புகிறது.

கேமராவை எங்கே நிறுத்துவது என்னும் முடிவு, மனிதரை எவ்வாறு மதிப்பது என்னும் முடிவும் ஆகும்.