முதலில் வேலையைக் கேட்டவர்

தொழிலாளர் மருத்துவ முகாம்களில் என்னோடு பல வருடம் வேலை பார்த்த செவிலியர் ஒருவர் இருந்தார். கடற்கரை ஊர்களில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். உடம்புக்கு என்ன என்று அவர் தொடங்கியதே இல்லை. "என்ன வேலை பாக்கீக? எப்படிப் பாக்கீக?" என்பதுதான் முதல் கேள்வி. நோயாளியிடம் அவர் தொழிலைக் கேட்டாக வேண்டும் என்று 1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி எழுதிவைத்தார். சிஸ்டர் அந்த நூலைப் பார்த்ததில்லை. மூட்டு வலி என்று வந்தவர்களை விடாமல் விசாரித்தே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

அவர் இறந்த பிறகு புன்னக்காயலுக்குப் போனேன். ஆத்தூரிலிருந்து உப்பளங்களின் நடுவே சாலை போய், தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் ஊர். தெரேஸ்புரத்தில் சங்கு குளித்துப் பழகிய ஒருவர் இங்கே மகள் வீட்டில் இருக்கிறார். "சிஸ்டர்கூட வந்தவுகதானே? உக்காருங்க அண்ணாச்சி" என்று பேசத் தொடங்கினார்.

குளிப்பவர் கண்ணாடி மாட்டி, ஓஸை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவார். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். ஓஸ் மடங்காமல் ஒருவர் பார்த்துக்கொள்வார். சங்கு மணலில் பாதி புதைந்து கிடக்கும். தண்ணி கலங்கலாக இருந்தால் தடவித்தான் எடுக்க வேண்டும். கூலி சங்குக் கணக்கில். வங்காளத்தில் மணமான பெண்கள் அணியும் வெள்ளை வளையல் இந்தச் சங்கை அறுத்துச் செய்வதுதான்.

ஒன்பது பாகம், அதாவது சுமார் 16 மீட்டர் ஆழத்தில், கரையில் இருப்பதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேலான அழுத்தம். சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்துகொண்டே போகும். வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் அது குமிழியாகும். மூட்டில் குமிழி நின்றால் வலி. தண்டுவடத்தைத் தாக்கினால் கால் விழுந்துவிடும். ஆங்காங்கே நின்று ஏறினால் இதைத் தவிர்க்கலாம் என்று 1908இலேயே உடலியல் அறிஞர் ஹால்டேன் அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டார். இங்கே அந்த நோய்க்கு வாதம் என்று பெயர் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிஸ்டர் ஒரு நோட்டுப் போட்டார். எத்தனை பாகம், எவ்வளவு நேரம், நாளுக்கு எத்தனை முங்கு, மேலே வந்தபின் என்ன வலி. தலைவலி, கிறுகிறுப்பு என்று சொன்னவர்களின் வள்ளங்களில் ஏறிப் பார்த்தார். என்ஜின் புகை வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே கம்ப்ரசர் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடைத்தான் கீழே ஒரு மனிதர் சுவாசித்தார். சிஸ்டர் புகைக்குழாயை நீட்டி வேறு பக்கம் திருப்ப வைத்தார். சில வள்ளங்களில் மட்டும்தான் முடிந்தது.

இதே புன்னக்காயலில், 1550ஐ ஒட்டி, இயேசு சபைத் துறவியான அண்ட்ரிக் அடிகளார் முத்துக்குளித்துறை மக்களுக்காக மருத்துவமனை ஒன்று அமைத்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலுக்காக அவரைக் கொண்டாடுகிறோம். மருத்துவமனையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு. சிஸ்டருக்கு இன்னும் அதிகமாக இருந்தது.

நின்று நின்று மேலே வரும் பழக்கம் இப்போது இருக்கிறதா என்று கேட்டேன்.

"தெரியும் அண்ணாச்சி, எல்லாப் பயலுக்கும் தெரியும். நின்னு வந்தா ஒரு முங்கு குறையும். அந்தக் காச யாரு தருவா?"

சிஸ்டரிடமும் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள். அதன்பிறகு அவர் நோட்டில் ஆழத்துக்குப் பக்கத்தில் அன்றைய கூலியும் ஏறியது. நோட்டை எடுத்துக்கொண்டு சங்கு வியாபாரிகளிடம் போய், நின்று வரும் நேரத்துக்கும் கூலி போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த சீசனிலும் போய்க் கேட்டார்.