சிங்கப்பூர் ஒராங்குட்டானும் செந்துறைக் கிடாவும்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் சிங்கப்பூரில் ஆள் இல்லாத ஊர் குறைவு. உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் மண்டாய் விலங்கியல் பூங்காவுக்கும் ஒரு நடை போய் வரலாம். 1973-ல் திறந்தது. ஒராங்குட்டான்கள் அங்கே கூண்டின்றி மரங்களில் திரிகின்றன. தாய் ஒரு குட்டியை ஆறேழு வருடம் கூடவே வைத்து வளர்க்கும். அதன் பிறகே அடுத்த குட்டி. போர்னியோ இனத்தையும் சுமத்ரா இனத்தையும் இப்போது பூங்காக்கள் கலக்க விடுவதில்லை. ஒவ்வொன்றின் தாய் தகப்பன் விவரமும் பதிவேட்டில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். தேவையானால் வேறு நாட்டுப் பூங்காவுக்கே அனுப்பிவிடுவார்கள்.

இங்கே வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் பல பட்டிகளில் ஒரே கிடாதான் வருடக்கணக்கில் நிற்கிறது. அது ஈன்ற பெண்குட்டி வருடத்துக்குள் பருவத்துக்கு வந்து அதனிடமே சினையாகிறது. சவலைக் குட்டி பிறந்தால் தீவனத்தைக் குறை சொல்கிறோம்! இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றுங்கள். பக்கத்துப் பட்டிக் கிடா வேண்டாம், அது இதன் தம்பியாகவே இருக்கும்.