ஓய்வு நேரத் தொழிலாம்!

முதல் பின்னல் போடுவதற்கே எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

நாங்கள் மூன்று பேர், நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பாட்டியிடம் லேஸ் பின்னக் கற்கப் போயிருந்தோம். தலையணை மேல் பாபின்களைப் போட்டுப் பின்னுகிற பழைய முறை. எங்கள் மாலை மையத்துப் பெண்களுக்கு இதை வருமானத் தொழிலாக்கலாம் என்று ஒரு திட்ட வரைவு எழுதியிருந்தோம். எழுதிய மூவருக்கும் அந்த வேலை தெரியாது என்பது வேறு விஷயம்.

முதல் நாள் முழுக்க வைக்கோல் அடைத்தோம். குத்திய ஊசி சாயாமல் நிற்கும் அளவுக்குத் தலையணை இறுக வேண்டும். பிறகு அட்டையில் வடிவத்தை வைத்துப் புள்ளி புள்ளியாகத் துளையிட்டோம். இருபது ஜோடி பாபினுக்கு நூல் சுற்றினோம். ஒவ்வொன்றிலும் சுருக்குப் போடாவிட்டால் நூல் அவிழ்ந்துகொண்டே போகும். நடுநடுவே கை கழுவ அனுப்பினார் பாட்டி. "வெப்ராளப்படாத மக்களே, வெள்ளை நூலாக்கும்."

மூன்றாம் நாள்தான் பின்னல். அசைவு இரண்டே: குறுக்கே மாற்றுவது, முறுக்குவது. நாற்பது பாபின் கிடந்தாலும் ஒரு நேரத்தில் கையில் நான்குதான். இது புரிந்ததும் பயம் போய்விட்டது. கட்டையும் கட்டையும் தட்டிக்கொள்ளும் சத்தத்தில் மூவரும் பேச்சை மறந்தோம். சாயங்காலம் ஊசிகளைப் பிடுங்கினால், பின்னல் பிரியாமல் அப்படியே நிற்கிறது! விரல் நீளம்தான். மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம்.

1819இல் நாகர்கோவில் வந்த மிஷனரிப் பெண்மணி மார்த்தா மால்ட் தம் பெண்கள் பள்ளியில் தொடங்கிவைத்த வேலை இது. அவர் மகள் எலிசா கால்டுவெல் இடையன்குடிக்குக் கொண்டுபோனார். திருவிதாங்கூரில் 1855 வரை அடிமைமுறை சட்டப்படி இருந்தது. லேஸ் விற்ற காசில் தம் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் உண்டு. இதை மிஷனரிகளின் கருணைக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். பின்னிய விரல்களை யாரும் எழுதவில்லை. மேலாடை அணிந்த பெண்களை அடித்துக் கிழித்த காலமும் அதுவே. 1859இல் வந்த அரச அறிவிப்பும் நாடார் பெண்களைப் பற்றித்தான் பேசியது. புலையர், பறையர் பெண்கள் அதில் இல்லை.

நர்சாபூர் லேஸ் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் எழுதிய புத்தகத்தை எம்.ஏ. படிக்கும்போது அடிக்கோடிட்டுப் படித்தவர்கள் நாங்கள். உலகச் சந்தைக்கு உழைத்தவர்களை, ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னும் இல்லத்தரசிகள் என்று சொல்லியே கூலியைக் குறைத்தார்கள் என்பதுதான் அதன் வாதம். அதே நாங்கள்தான் வரைவின் முதல் பக்கத்தில் 'ஓய்வு நேரத் தொழில்' என்று எழுதியிருக்கிறோம்!

ஒரு கஜத்துக்கு எத்தனை மணி நேரமாகும் என்று பாட்டியிடம் கேட்டோம். "யாரு மணி பாத்தா?" என்றார். அவருக்குக் கிடைத்ததெல்லாம் கஜக் கூலி. வைக்கோல் அடைத்த நாளும் நூல் சுற்றிய நாளும் எந்தக் கணக்கிலும் ஏறியதில்லை.

வரைவில் அந்தச் சொற்களை அடித்துவிட்டோம். கூலிக் கட்டம் இன்னும் காலி. தயாரிப்பு நாட்களுக்கும் கூலி வேண்டும் என்கிறாள் ஒருத்தி. அந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்கிறாள் இன்னொருத்தி. சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பாட்டியையும் அழைத்திருக்கிறோம்.