மூட்டையில் வந்த துணி

துணியின் ஓரத்தை அரை விரலளவு மடக்கி, கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஓர் இழு இழுக்கிறார் அந்த அஜ்ஜி (பாட்டி). மடிப்பு அப்படியே நின்றால் துணி மடிக்கு வரும். நகத்தை எடுத்ததும் நிமிர்ந்துகொண்டால் முதுகுக்குப் பின்னால் போகும். மடியைவிட முதுகுப் பக்கக் குவியல்தான் பெரிதாக இருந்தது.

வட கர்நாடகத்தில், யல்லாபுரம் காட்டை ஒட்டிய ஒரு சித்திச் சமூகக் குடியிருப்பின் திண்ணை அது. போர்த்துகீசியர்கள் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள்தான் இந்தப் பக்கத்துச் சித்திகளில் பலரும். கோவாவிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு இடம் கொடுத்தது. யல்லாபுரம், ஹளியாள், முண்டகோடு, அங்கோலா என்று சிதறிக் கிடக்கிறார்கள். இந்து, கத்தோலிக்கர், முஸ்லிம் என்று மூன்று சமயத்தாரும் உண்டு. பழங்குடிப் பட்டியலில் சேர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் கொங்கணி பேசுகிறார்கள். என் அரைகுறைக் கன்னடம் எட்டாத இடத்தில், கல்லூரிக்குப் போகும் பேத்தி கைகொடுத்தாள்.

இவர்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். பஞ்சு வைப்பதில்லை. ஒரு பழைய பருத்திச் சேலையை அடித்துணியாக விரித்து, ஓரத்தில் தொடங்குகிறார்கள். ஒரு துண்டை வைத்து, விளிம்பை உள்ளே மடக்கி, அடித்துணியோடு சேர்த்துச் சின்னச் சின்னதாக நூலோட்டுகிறார்கள். அடுத்த துண்டு முந்தையதன் விளிம்பின் மேல் கொஞ்சம் ஏறி உட்காரும். இப்படியே நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து, நடுவில் போய் முடிகிறது தையல். துண்டுகளை ஒட்டுவதும் அடுக்குகளைப் பிணைப்பதும் ஒரே ஊசியோட்டத்தில் நடந்துவிடுகின்றன. முதலில் துண்டுகளை இணைத்துவிட்டு, பிறகு அடியில் துணி கொடுத்துத் தைக்கும் முறைகளில் இரண்டு வேலை. இங்கே ஒன்றுதான். வரைபடம் கிடையாது, அளவுகோல் கிடையாது. சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு வந்துவிட்டால் மட்டும் பக்கத்தில் இருப்பவள் உச்சுக் கொட்டுகிறாள். அளவு கேட்டால், எத்தனை பேர் படுக்க என்று திருப்பிக் கேட்கிறார்கள். தொட்டில் குழந்தைக்கு என்றால் பளிச்சென்ற நிறங்களைத் தேடி எடுக்கிறார்கள்.

கடைசியில் நான்கு மூலைக்கும் பூ. சின்னச் சதுரத் துணிகளை முக்கோணமாக மடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தைப்பது. ‘ஃபூலா’ என்கிறார்கள். பூ இல்லாத கவந்தி அம்மணமாக நிற்கிறதாம். பேத்தி சிரித்துக்கொண்டே இதைச் சொன்னாள், அஜ்ஜி சிரிக்கவில்லை.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலை வரலாற்றாளர் ஹென்றி டிரூவல், சித்திப் பெண்களோடு சேர்ந்து கவந்திகளுக்காக ஒரு கூட்டுறவு உருவாகத் துணை நின்றார். 2011இல் நியூயார்க் ஹார்லத்தில் உள்ள ஷோம்பெர்க் மையத்தில் இவை கண்காட்சியாயின. அப்போதிலிருந்து, கவந்தியைப் பார்க்கிறவர்களெல்லாம் அதில் ஆப்பிரிக்காவைத் தேடுகிறார்கள். எனக்கு அந்த ஆர்வம் குறைவு. வட கர்நாடகத்துக் கௌதியும் மராட்டியத்துக் கோதடியும் பழந்துணியை அடுக்கி நூலோட்டிய போர்வைகள்தாம். அக்கம்பக்கத்தில் உள்ளதைக் கற்று, தன் கைக்கு வாகாக மாற்றிக்கொண்டவர்களைக் கடல் தாண்டிய நினைவுக்கு மட்டும் சாட்சியாக நிறுத்துவது சரியாகப் படவில்லை. அதைவிட எனக்கு அந்த முதுகுப் பக்கக் குவியல்தான் முக்கியமாகத் தோன்றியது.

முன்பெல்லாம் வீட்டில் கிழிந்ததுதான் கவந்தியாகும். நைந்த பருத்திக்கு நிறைய நற்குணங்கள். சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருக்கும். ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். இப்போது இந்தப் பெண்களே கட்டுவது மெல்லிய நைலக்ஸ், பாலியெஸ்டர் சேலைகள். விலை குறைவு, விடாத மழையிலும் சீக்கிரம் காயும். யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அடித்துணிக்குப் பருத்திச் சேலை கிடைப்பது அரிதாகிவிட்டது. சந்தைக்குப் போகும்போது தையல்கடை வெட்டுத்துணியைக் கேட்டு வாங்கி வருகிறார்கள். அதிலும் ரவிக்கைத் துண்டுகளே மிச்சம்.

அதனால்தான் நகரத்திலிருந்து நல்லமனதுக்காரர்கள் அனுப்பும் மூட்டைகள் வருகின்றன. அன்று பிரித்ததில் ஜார்ஜெட் சேலைகள், பனியன்கள், பள்ளிச் சீருடைகள், கனத்த ஜீன்ஸ், ஜன்னல் திரை, ஜிகினா வைத்த சுரிதார், லெகிங்ஸ். ஜார்ஜெட் மடிப்பில் நிற்காது. அடுப்புப் பொறி பட்டால் உருகி ஓட்டை விழும். பனியன் இழுத்த பக்கமெல்லாம் நீளும், தைத்து முடித்ததும் சுருங்கி முடிச்சுப்போட்டுக்கொள்ளும். ஜீன்ஸ் ஊசியை முறிக்கும். மொத்த மூட்டையிலும் அஜ்ஜி கும்பிடாத குறையாக எடுத்து வைத்தது வெளுத்துப்போன ஒரு பருத்திப் படுக்கைவிரிப்பை. அனுப்பியவர் அதைப் போடலாமா வேண்டாமா என்று கடைசிவரை தயங்கியிருப்பார்.

கவந்தி வாங்குகிறவர்கள் பக்கத்தில் வேறு தொல்லை. நிறம் பொருந்த வேண்டும், புதுத்துணியாக இருந்தால் நல்லது என்று சொல்லி, கஞ்சி மொடமொடப்போடு துணியும் கொடுத்துவிடுகிறார்கள். துவைத்துக் கஞ்சி போக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே போர்வை கோணிக்கொள்ளும். துவைக்க, உலர்த்த, வெட்ட ஆகும் நாட்களைக் கூலியில் யாரும் சேர்ப்பதில்லை என்று திண்ணையோரத்துப் பெண்ணொருத்தி நேராகவே என்னிடம் சொன்னாள். வாங்குகிறவன் என்று என்னையும் நினைத்திருக்கலாம்.

லெகிங்ஸை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். உடனே ஒரு சண்டை மூண்டது. அடுக்குக்கு நடுவில் மறைத்து வைத்தால் கதகதப்பு என்றாள் ஒருத்தி. வைத்துத் தைத்தது நடுவில் புடைத்து நின்றதை மறந்துவிட்டாயா என்றாள் இன்னொருத்தி. அஜ்ஜி இரண்டையும் காதில் வாங்காமல் கால் வேறு கால் வேறாகக் கிழித்துப் பேத்தியிடம் நீட்டினார். கன்றுக்குட்டிக்குக் கழுத்துக்கயிறு அறுந்துவிட்டதாம்.