பெரிய பம்பரமும் என் பேரனின் காரும்

டர்போ என்ற சொல்லை நம் வயதுக்காரர்கள் பலரும் முதலில் பார்த்தது ஏதாவது ஒரு லாரியின் பின்பக்கத்தில்தான் இருக்கும். எனக்கு அதன் பூர்வீகம் மட்டும் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்துவிட்டது. புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் ஆசிரியர் ஒருவர் எந்தச் சொல்லையும் அதன் லத்தீன் வேரைச் சொல்லாமல் விடமாட்டார். டர்பைனுக்கு 1822ல் அந்தப் பெயரை வைத்தவர் க்ளோத் புர்தேன் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் எடுத்துக்கொண்ட லத்தீன் சொல் ‘தூர்போ’. சுழல் என்றும் பம்பரம் என்றும் பொருள். நாம் சாட்டை சுற்றித் தெருவில் விட்டோமே, அதே பம்பரம்தான்.

இப்போது இதை எழுதக் காரணம் என் மகள் வயிற்றுப் பேரன். மனைவி போனபின் நான் படப்பையில் மகள் வீட்டோடு இருக்கிறேன் என்பது பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். பேரனுக்கு ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை. மூன்று வருடச் சேமிப்பைப் போட்டுப் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஒன்றை வாங்கினான். 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜின், கம்பெனியிலேயே டர்போ வைத்து வந்தது. அந்தச் சின்ன டர்போவைக் கழற்றிவிட்டு, ஒரு தேங்காய் அளவுக்குப் பெரிய டர்போவை மாட்டினான். எதற்கு? டிராக் பந்தயத்துக்கு. நேர் கோட்டில் 402 மீட்டர், அதாவது கால் மைல். பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்ப வேண்டும், யார் முதலில் போய்ச் சேர்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. பதினைந்து விநாடிக்குள் முடிந்துவிடும் விஷயம்.

“எல்லாம் சரியா மாட்டியிருக்கேன் தாத்தா. ஆனா கிளம்பும்போது வண்டி செத்த மாதிரி நிக்குது. அஞ்சாயிரம் ஆர்.பி.எம். தாண்டினாத்தான் உயிர் வருது. அதுக்குள்ள பக்கத்து வண்டி போயிடுது” என்றான் ஒரு நாள் சாப்பிடும்போது. மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தக் காரைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் அவர் அப்படித்தான்.

நான் மெக்கானிக் இல்லை. போக்குவரத்துத் துறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், கன அளவு என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய கை. எழுதுவது என்னவென்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, அலுவலகத்துக்கு வரும் வாகன ஆய்வாளர்களைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அந்தத் தைரியத்தில் பேரனோடு மாத்தூர் பக்கம் இருக்கும் அவன் நண்பனுடைய தகரக் கொட்டகைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன்.

டர்போவின் வேலை சுலபமானது. என்ஜினிலிருந்து வெளியேறும் புகை வீணாகத்தானே போகிறது? அந்தப் புகையின் வழியில் ஒரு சக்கரத்தை வைத்தால் அது சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம், சக்தி கூடும். ஆல்ஃபிரட் பூஷி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1905லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். முதல் உலகப்போரில் மெல்லிய காற்றில் மூச்சுத் திணறிய விமான என்ஜின்களுக்கு இதைப் பொருத்திப் பார்த்தவர்களில் ஒருவர் ஒகுஸ்த் ராத்தோ, அவரும் பிரெஞ்சுக்காரர். கார்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. முதலில் கேட்டபோது ஒரு பூஜ்யம் கூடிவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, லட்சமேதான்.

சிக்கல் எங்கே என்றால், புகை வந்தால்தான் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றிக் காற்றைத் தள்ளினால்தான் புகை கூடும். வேலை இருந்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை என்று இந்த ஒரகடத்தில் பையன்கள் அலைகிறார்களே, அந்தக் கதைதான். இதில் சக்கரம் பெரிதாக இருந்தால் இன்னும் கஷ்டம். பம்பரம் விட்டவர்களுக்குத் தெரியும், பெரிய பம்பரத்துக்குக் கையில் வேகம் அதிகம் வேண்டும். ஒரே வடிவம், ஒரே உலோகம் என்று வைத்துக்கொண்டால், சக்கரத்தின் விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டும்போது எடை மூன்றில் ஒரு பங்குதான் கூடும். ஆனால் அதைச் சுழல வைப்பதில் உள்ள பாரம் அறுபது சதவீதம் கூடிவிடும். விட்டத்தை ஐந்து தரம் பெருக்கிக் கணக்குப் போட வேண்டும். பேரன் செல்போனில் போட்டான், நான் தாளில் போட்டேன். இரண்டும் ஒத்துப்போனது.

பிறகு ஏன் பெரிய டர்போ? சின்னது சீக்கிரம் சுற்றும், ஆனால் மேல் வேகத்தில் அதற்கு மூச்சு முட்டும். 402 மீட்டரில் பெரும்பகுதியை மேல் வேகத்தில்தான் ஓட வேண்டும். டிராக் கார் ஊர்ச் சாலையில் போகிற கார் மாதிரி நொடிக்கு நொடி மிதித்து விடுவதில்லை, ஒரே மிதிதான். ஆகவே, கிளம்புகிற அந்த ஒரு கணத்துக்கு மட்டும் வழி கண்டுபிடித்தால் பெரியதை வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தலைவலி ரெனோ கம்பெனிக்கும் இருந்தது. இன்று ஒரகடத்தில் நிசானோடு சேர்ந்து 2010ல் தொழிற்சாலை திறந்ததே, அதே ரெனோ. 1977ல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் ஃபார்முலா ஒன்னின் முதல் டர்போ காரை இறக்கினார்கள். மற்றவர்களுக்கு 3 லிட்டர் என்ஜின், இவர்களுக்கு 1.5 லிட்டரும் ஒரு பெரிய டர்போவும். ஓட்டியவர் ழான்-பியேர் ழபூய். கார் பந்தயத்தை முடிக்கவில்லை. அடிக்கடி என்ஜின் போய்ப் புகை கக்கியதால் ‘மஞ்சள் டீ கெட்டில்’ என்று கேலி வேறு. வளைவில் மிதித்தால் உடனே ஒன்றும் நடக்காது. சற்றுக் கழித்து, ஓட்டுநர் எதிர்பாராத இடத்தில் எல்லாச் சக்தியும் ஒன்றாக வந்து விழும். 1979ல் அந்த ஒரு பெரிய டர்போவை எடுத்துவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன டர்போக்களை வைத்தார்கள். அந்த ஜூலையில் பிரான்சின் திழோனில் அதே ழபூய் முதலாவதாக வந்தார். புதுவை அலையன்ஸ் பிரான்சேஸ் வாசகசாலையில் பழைய பிரெஞ்சு இதழ்களில் இதையெல்லாம் படித்தபோது, ஒரு நாள் பேரனுக்குச் சொல்ல உதவும் என்று நான் கண்டேனா?

“நமக்கு ரெண்டு டர்போவுக்குக் காசு இல்ல தாத்தா” என்றான். உண்மைதான். நாலு சிலிண்டர் என்ஜினில் அதற்கு இடமும் இல்லை.

ஆகவே காசு கம்மியான வேலையிலிருந்து ஆரம்பித்தார்கள். முதலில் ஓட்டை தேடுவது. காற்றுக் குழாய்களின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கம்ப்ரசரால் காற்றடித்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினார்கள். பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்குவது போலத்தான். இரண்டு இடத்தில் குமிழி வந்தது. புகை வரும் பக்கம் மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் கருப்பாகக் கரி படிந்திருந்தது, அங்கேயும் கசிவு. சக்கரத்தைச் சுற்ற வேண்டிய புகை வெளியே போய்க்கொண்டிருந்தால் எந்த டர்போ எழும்பும்? அதைச் சரிசெய்து, மேனிஃபோல்டுக்கு வெப்பம் தாங்கும் நாடாவைச் சுற்றினார்கள். சூட்டோடு போகும் புகைக்குத்தான் தள்ளும் பலம் அதிகம். குளிர்ந்தால் சுருங்கிவிடும். டர்போவைத் தாண்டிய பிறகு கதை தலைகீழ், அங்கே குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது.

அடுத்தது டர்பைன் கூடு. நத்தை ஓடு போன்ற அந்தக் கூட்டுக்குள் புகை போகும் வழி எவ்வளவு அகலம் என்பதற்கு ‘ஏ பை ஆர்’ என்று ஒரு எண் உண்டு. வழியின் பரப்பை, தண்டின் மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தால் வகுத்தால் வருவது. அவன் வைத்திருந்தது 0.82. அதற்குப் பதில் 0.63 வாங்கினான். குழாய் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதல்லவா, அதேதான். வழி குறுகினால் புகை வேகமாக வந்து சக்கரத்தில் மோதும். மேல் வேகத்தில் கொஞ்சம் இழப்பு உண்டு, என் கணக்கில் அது நியாயமான பேரம். டர்போ அதேதான், கூடு மட்டும்தான் மாறியது. ஐந்தாயிரத்தில் வந்த அழுத்தம் நாலாயிரத்து நானூறில் வர ஆரம்பித்தது.

இதற்கு மேல் உள்ள வழிகள்தான் எனக்குக் கலக்கமாக இருந்தவை. ஒன்று நைட்ரஸ் ஆக்சைடு. பல் டாக்டர் கொடுக்கும் அதே சிரிப்பு வாயு. கிளம்பும்போது அதைச் சிறிது செலுத்தினால் உடனே புகை பெருகி டர்போ எழும்பும், அழுத்தம் வந்ததும் வாயுவை நிறுத்திவிடலாம். ஒவ்வொரு பந்தயப் பிரிவின் விதியையும் பார்க்க வேண்டும். பேரன் அதை வேண்டாம் என்றுவிட்டான். இன்னொன்று ‘டூ ஸ்டெப்’. வரிசையில் கிளட்சை மிதித்து நிற்கும்போது என்ஜினை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பிடித்து வைத்து, தீப்பொறியைத் தாமதப்படுத்துவது. பெட்ரோல் சிலிண்டருக்குள் எரிந்து முடியாமல் புகைக்குழாயில் எரியும். அந்தச் சூடு நேரே டர்பைனில் அடிக்கும், கார் நகராமலே அழுத்தம் ஏறிவிடும். படபடவென்று பட்டாசுச் சத்தம் வருவது அதனால்தான். பையன்களுக்கு அந்தச் சத்தம் சங்கீதம். ஆனால் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடித்தால் வால்வும் டர்பைனும் வெந்துபோகும். மேனிஃபோல்ட் இருட்டில் சிவப்பாக ஒளிர்வதை நானே பார்த்தேன்.

பணக்காரர்களுக்கு வேறு வழி உண்டு. 2014லிருந்து 2025 வரை ஃபார்முலா ஒன் கார்களில் டர்போ தண்டிலேயே ஒரு மின்மோட்டாரை வைத்தார்கள், புகைக்குக் காத்திராமல் மோட்டாரே சுற்றிவிடும். வால்வோ கம்பெனி ஒரு டீசல் காரில் சின்னத் தொட்டியில் காற்றை அடைத்து வைத்து, மிதித்ததும் மேனிஃபோல்டில் ஊத வைத்தது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அடுப்பு ஊதும் ஊதுகுழல்!

டூ ஸ்டெப் சரியாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கே? கொட்டகை நண்பர்கள் சொன்னது வண்டலூர் – வாலாஜாபாத் சாலை. ராத்திரி ஷிப்ட் பஸ்கள் போனபின் அகலமாக, காலியாகக் கிடக்கும், பத்து நிமிட வேலை என்றார்கள். எனக்கு அது காலி இல்லை என்று தெரியும். சைக்கிளில் வீடு திரும்பும் செக்யூரிட்டிகள், விளக்கு போடாமல் ஓரத்தில் நிற்கும் கண்டெய்னர் லாரிகள், டிவைடர் இடைவெளியில் சாலையைக் கடக்கும் வடநாட்டுப் பையன்கள். விபத்து அறிக்கைகளை வருடக்கணக்காகக் கோப்பில் கோர்த்தவன் நான். அந்தத் தாள்களில் எப்போதும் ‘காலியான சாலை’தான்.

கத்தவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை மட்டும் சொன்னேன். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக இப்படி மாற்றிய வண்டி பொதுச் சாலையில் சொந்தச் சக்கரத்தில் போகக் கூடாது. ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். “அப்ப டிராக் வாடகை, ரெக்கவரி வண்டி வாடகை எல்லாம் யார் தாத்தா குடுப்பா?” என்றான் கோபமாக. அவன் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும், தெரியும். ரெக்கவரி வண்டிக்கு என் பென்ஷனிலிருந்து கொடுத்தேன். மகளிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் சொன்னேன். “நீங்க செல்லம் குடுக்கறீங்க மாமா” என்றவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மாற்றிக்கொண்டு எங்களோடு ஏறிவிட்டார்.

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்கு நான் போனது அதுதான் முதல் முறை. எழுபதுகளில் புதுவையிலிருந்து பஸ் பிடித்துச் சோழவரம் போய், போர்க்கால விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே மணல், வெயில், ஜனக்கடல். இங்கே வேலி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு சிலிண்டரோடு ஆட்கள். எனக்கு அதைப் பார்த்ததுமே பாதி நிம்மதி.

முதல் ஓட்டம் பழைய முறையில், டூ ஸ்டெப் இல்லாமல். 14.6 விநாடி. அடுத்தது நாலாயிரத்து ஐநூறில் பிடித்து வைத்து, படபடப்பு கேட்டு, மூன்று எண்ணுவதற்குள் கிளட்சை விட்டான். முன்சக்கரங்கள் இரண்டும் அப்படியே நின்ற இடத்தில் சுற்றிப் புகை கிளப்பின. 14.8. டர்போ எழும்பிவிட்டது, டயருக்குப் பிடிப்பு போதவில்லை. நண்பன் அழுத்தத்தை இன்னும் கூட்டலாம் என்றான். மாப்பிள்ளை, அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், “முதல் கியர்ல குறைச்சுக் குடு, ரெண்டாவதுல கூட்டு” என்றார். கம்ப்யூட்டரில் அப்படியே மாற்றினார்கள். நாலாவது ஓட்டத்தில் 13.4.

மதியம் ஸ்ரீபெரும்புதூரில் சாப்பிட்டோம். டயருக்கு என்ன விலை என்று மாப்பிள்ளைதான் முதலில் கேட்டார். பேரன் சொன்ன தொகையைக் கேட்டு மோர் புரையேறிவிட்டது அவருக்கு. மகள் போன் செய்தாள். மூன்று பேரும் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வந்திருப்பதாகச் சொன்னோம். அது முழுப் பொய்யாகிவிடக் கூடாது என்று, திரும்பும் வழியில் கொஞ்சம் சுற்றிக்கொண்டு அங்கேயும் போனோம். ரெக்கவரி வண்டிக்காரர் காரோடு வெளியே காத்திருந்தார்.