பெரியப்பாவின் காதும் ஒரு பிரேக்கும்

முதல்லயே சொல்லிடறேன், நான் பி.காம் மூணாவது வருஷம். துப்பாக்கிக்கும் எனக்கும் இருக்கிற ஒரே சம்பந்தம், என்.சி.சி. கேம்ப்ல பாயிண்ட் டூ டூ ரைஃபிள்ல அஞ்சு ரவுண்டு சுட்டதுதான். அதுல ரெண்டு பக்கத்து பையனோட டார்கெட்ல போய் விழுந்துச்சு. அதை விடுங்க :-)

மேட்டர் எங்க பெரியப்பா. பட்டாளத்துல ஆர்ட்டிலரி, அதாவது பீரங்கிப் படை. ரிட்டயர் ஆகி, மணவாள நகர்ல எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கார். இடது காது சுத்தமா கேட்காது, வலது காது பாதி. பெரியம்மா அவர்கிட்ட கத்திப் பேசிப் பேசி, இப்ப எங்ககிட்டயும் கத்திதான் பேசறாங்க. பீரங்கின்னா சத்தம் இருக்கத்தானே செய்யும், வேற என்னன்னு நாங்க அதுக்கு மேல யோசிச்சதே இல்லை.

போன ஞாயித்துக்கிழமை மொபைல்ல ஒரு படம் காட்டினேன். 'வித்வன்சக்'. நம்ம திருச்சி துப்பாக்கி தொழிற்சாலை செஞ்ச ராட்சச ரைஃபிள். 12.7, 14.5, 20 மி.மீ.ன்னு மூணு அளவுல வரும், எடை 20 கிலோவுக்கு மேல. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு பார்த்தார். குழாய் நுனியில பட்டையா ஒண்ணு இருக்கு பாருங்க, அதுமேல விரலை வச்சார்.

"இதான்டா என் காதைத் தின்னது."

அதுக்குப் பேரு மசில் பிரேக். குண்டு வெளிய போனதும் பின்னாலயே மருந்து எரிஞ்ச வாயு குண்டை விட வேகமா பாயும். தீயணைப்பு வண்டி ஹோஸைப் பிடிச்சவரை அது பின்னால தள்ளும் இல்லையா, அதே கதைதான். குண்டு குடுக்கிற உதையை ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா வாயுவை நேரா போகவிடாம, நுனியில தடுப்பு வச்சு பக்கவாட்டுலயும் கொஞ்சம் பின்பக்கமாவும் திருப்பிட்டா, அது தடுப்புல மோதி குழாயை முன்னால இழுக்கும். பெரிய ரைஃபிள்ல உதை கிட்டத்தட்ட பாதி குறையும்.

பெரியப்பா பேனா மூடியை வச்சே பாடம் எடுத்தார். கீழ்ப்பக்கம் ஓட்டை வைக்க மாட்டாங்களாம். படுத்துக்கிட்டு சுடறப்ப புழுதி கிளம்பி எதிரிக்கு இடத்தைக் காட்டிக் குடுத்துடும். பிரேக்கோட துளை குண்டை விட கொஞ்சம் பெருசா இருக்கணும். ரொம்பப் பெருசா இருந்தா வாயு தப்பிச்சுப் போயிடும். மரை வெட்டறப்ப குழாயோட வெளிப்பக்கத்தை நம்பக்கூடாது, உள்துளையைத்தான் மையமா வச்சுக்கணும். துளி கோணினாலும் குண்டு பிரேக்கை இடிக்கும். ஜபல்பூர்ல செஞ்ச தனுஷ் பீரங்கிக்கு 2017-ல் பொக்ரான் சோதனையில நடந்ததே அதுதான், குண்டு போய் மசில் பிரேக்ல மோதிச்சு. திரும்பத் திரும்ப சோதிச்சு, 2019 ஏப்ரல்லதான் முதல் ஆறு பீரங்கி ராணுவத்துக்குப் போச்சு.

(ஆவடி டாங்க் குழாய்க்கு நடுவுல ஒரு வீக்கம் இருக்குமே, அதையும் நான் பிரேக்னுதான் சொன்னேன். பெரியப்பா தலையில அடிச்சுக்கிட்டார். அது உள்ள புகை வராம இழுக்கிற சாதனமாம். டி-90 மாதிரி 40 டன்னுக்கு மேல இருக்கிற வண்டி உதையைத் தானே தாங்கிக்கும். அப்புறம், ஒலிம்பிக் ரைஃபிள் போட்டியில மசில் பிரேக்குக்கு அனுமதியே இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் லேத் பட்டறைக்கு ஓடாதீங்க, லைசன்ஸ் இல்லாம துப்பாக்கியில கை வச்சா 1959 ஆயுதச் சட்டம் இருக்கு!)

எங்க பாடத்துல ஒரு பக்கம் டெபிட்னா இன்னொரு பக்கம் கிரெடிட். இங்க உதை குறைஞ்ச கணக்குக்கு எதிர்ப்பக்கம் எழுதினது சத்தம். முன்னால போக வேண்டிய அதிர்வு, சுடறவங்க பக்கமே திரும்புது. காதுக்கு ஒரு வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டக்கூடாதும்பாங்க. சாதா ரைஃபிளே 160 பக்கம் வரும். பீரங்கிக்குப் பக்கத்துல வருஷக்கணக்கா நின்னவர் காதுல என்ன இருந்துச்சு தெரியுமா? பஞ்சு.

"அப்பவே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே பெரியப்பா?"

ரெண்டு தடவை கத்தின பிறகுதான் காதுல விழுந்துச்சு. கொஞ்ச நேரம் பேசலை.

"சொன்னா மெடிக்கல் கேட்டகரி இறக்கிடுவான்டா. அவில்தார் புரமோஷன் போயிடும். உங்க அக்கா அப்ப பத்தாவது."

ரிட்டயர் ஆகறப்ப டெஸ்ட்லயும் கேட்குதுன்னே தலையாட்டிட்டு வந்திருக்கார். காகிதத்துல அவர் காது இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு. அதனால ஊனமுற்றோர் பென்ஷன்னு ஒரு பைசா கிடையாது. பெரியம்மா வாசப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

நான் கால்குலேட்டரை எடுத்து, எத்தனை வருஷம், எவ்வளவு விட்டுப் போச்சுன்னு கணக்கு போட ஆரம்பிச்சேன். பெரியப்பா மொபைலைப் பிடுங்கி சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டார். ரொம்ப கெஞ்சின பிறகு ஒண்ணுக்கு மட்டும் சம்மதிச்சிருக்கார். வர்ற செவ்வாய்க்கிழமை காது டெஸ்டுக்கு நான் கூட்டிக்கிட்டுப் போறேன். அன்னிக்கு காஸ்ட் அக்கவுண்டிங் கிளாஸ் கட், யாராவது நோட்ஸ் எடுத்து வைங்கப்பா.